திசு ஸ்லைடைப் பார்த்துப் பெயர் சொல்வது எப்படி: நான்கு அடிப்படைத் திசுக்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நர்சிங், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி என எதில் சேர்ந்தாலும் முதல் ஆண்டிலேயே திசு ஸ்லைடு பார்க்க வேண்டியிருக்கும். எபிதீலியம் (மேற்பரப்பை மூடும் திசு), இணைப்பு, தசை, நரம்பு என்று நான்கு திசுக்களையும் பிளஸ் ஒன்னிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால் ஸ்லைடை வைத்து "இது என்னம்மா?" என்று கேட்டால், "ரோஸ் கலர்ல ஏதோ தெரியுது சார்" என்பதுதான் பதிலாக வரும். கடலூரில் நான் எடுக்கும் செய்முறை வகுப்புக்குப் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் பக்கமெல்லாம் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாரும் தடுமாறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். பெரும்பாலும் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்கிற வரிசை தெரியாததால் வரும் தடுமாற்றம் அது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

10 மடங்கு ஐபீஸும், 4, 10, 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் லென்ஸ்களும் உள்ள சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் இரத்தப் பூச்சுக்குத்தான் தேவைப்படும்.

ஸ்லைடுகளில் இவை இருந்தால் நல்லது: உணவுக்குழாய், மூச்சுக்குழாய், சிறுகுடல், எலும்புத் தசை, இதயத் தசை, தசைநாண், தேய்த்த எலும்பு, தண்டுவடம், இரத்தப் பூச்சு. மூச்சுக்குழாயும் சிறுகுடலும் கட்டாயம் வேண்டும். ஒரே ஸ்லைடில் பல திசுக்களைக் காட்டுவதால் மற்றவை இல்லாவிட்டாலும் இவற்றை வைத்துச் சமாளிக்கலாம்.

தேய்த்த எலும்பு, இரத்தப் பூச்சு தவிர மற்றவற்றை வாங்கும்போது ஹிமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களும் ஏற்றிய ஸ்லைடா என்று கேளுங்கள். ஹிமடாக்சிலின் உட்கருவை நீல ஊதாவாக்கும். இயோசின் சைட்டோபிளாசத்தையும் கொலாஜன் நாரையும் ரோஸ் ஆக்கும். அதனால் ஸ்லைடில் பாதிக்கு மேல் ரோஸாகத்தான் இருக்கும். நிறத்தை வைத்துத் திசுவைக் கண்டுபிடிக்கும் எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். நிறம் சொல்வது இரண்டே விஷயம்: உட்கரு எங்கே, மற்றது எங்கே. நுரையீரல் ஆனாலும் நாக்கு ஆனாலும் இது ஒன்றுதான்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கடலூர், புதுச்சேரி இரண்டுமே கடற்கரை. நவம்பர், டிசம்பர் மழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ஸ்டேஜ் திருகில் துரு ஏறும். மைக்ரோஸ்கோப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள். நீல நிற ஜெல் ரோஸாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சமையலுக்குப் பயன்படாத பழைய தட்டில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, அதனால் சமையல் பாத்திரம் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

2. லென்ஸுக்கு முன்னால் கறிக்கடை

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் விரல்களோடு கூடிய ஒரு முழுக்காலை வாங்கி வாருங்கள். நான்கு திசுக்களும் அதில் இருக்கின்றன. தோலின் மேலடுக்கு எபிதீலியம், சதை தசைத் திசு. கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஸ்லைடு சீக்கிரம் பிடிபடுகிறது.

தோலை உரிக்கும்போது அதற்கும் சதைக்கும் நடுவில் வெள்ளையாக இழுபடும் மெல்லிய சவ்வு, தளர்வான இணைப்புத் திசு. அங்கங்கே மஞ்சளாகத் தெரிவது கொழுப்புத் திசு, அதுவும் இணைப்புத் திசுதான். எலும்பு முனையில் வழவழப்பாகப் பளபளக்கும் வெள்ளைத் தொப்பி குருத்தெலும்பு. நகத்தால் கீறினால் சீவல் வரும், ஆனால் இரத்தம் கசியாது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து, தொடைச் சதையைப் பின்பக்கமாகப் பிரித்தால் நடுவில் வெள்ளைக் கயிறு போல ஒன்று ஓடும். அது நரம்பு. முழங்காலுக்குக் கீழே வெட்டிய இடத்தில் தெரியும் வெள்ளை இழைகள் தசைநாண்கள். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். இழுத்துப் பாருங்கள். தசைநாணை இழுத்தால் கோழி விரல் மடங்கும், நரம்பை இழுத்தால் ஒன்றும் நடக்காது. தசையின் இழுவிசையை எலும்புக்குக் கொண்டு போவது தசைநாணின் வேலை. நரம்பு கொண்டு போவது செய்தியை மட்டும்தான். இதே இரண்டும் ஸ்லைடிலும் ஆளைக் குழப்பும். அதை 8ஆம் பகுதியில் பார்ப்போம்.

3. சொந்தக் கன்னத்திலிருந்து முதல் ஸ்லைடு

வாயைக் கொப்பளியுங்கள். ஐஸ்கிரீம் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, ஸ்லைடில் மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள். மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீரில் அலசி, கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து மூடுங்கள். குச்சியைப் பிளீச்சிங் கரைசலில் போட்ட பிறகு குப்பைக்கு அனுப்புங்கள்.

கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மூடச் சொல்வது காற்றுக் குமிழி வராமல் இருக்கத்தான். கறுத்துத் தடித்த விளிம்போடு, அச்சு வார்த்த வட்டமாக ஒன்று தெரிந்தால் அது குமிழி. அதைச் செல் என்று நினைத்து ரெக்கார்டில் வரைந்து, உட்கருவும் போட்டுக் கொண்டுவருபவர்கள் எல்லா பேட்ச்சிலும் இருக்கிறார்கள். கன்னத்துச் செல்லின் விளிம்பு மெல்லியது, ஒழுங்கற்றது, சில இடங்களில் மடிந்தும் இருக்கும்.

சுரண்டினால் செல் இவ்வளவு எளிதாக வருகிறதே, ஏன்? கன்னத்தின் உட்புறம் பல அடுக்குத் தட்டை எபிதீலியம். சாப்பாடு உரசி உரசி மேலடுக்கு உதிரும், அடியிலிருந்து புதுச் செல்கள் மேலே வரும். உதிர்வதற்கென்றே இருக்கும் அடுக்கைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

4. லென்ஸ் ஏற வேண்டிய வரிசை

ஸ்லைடை மேடையில் வைக்கும் முன் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி வெறும் கண்ணால் பாருங்கள். வளையமாகத் தெரிந்தால் ஏதோ ஒரு குழாயைக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். கட்டியாக இருந்தால் தசை, ஈரல் மாதிரி கெட்டியான உறுப்பு. பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

பிறகு 4 மடங்கு லென்ஸில் ஸ்லைடு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அப்புறம் 10, கடைசியில் 40. எடுத்த எடுப்பிலேயே 40க்குப் போவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஐபீஸின் 10 மடங்கும் சேர்ந்து வரும் 400 மடங்கில் தெரிவது ஸ்லைடின் துளியூண்டு பகுதி. அது எந்த விளிம்பில் இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எதுவுமே தெரியாது. இன்னொன்று, 40 மடங்கு லென்ஸில் பெரிய குமிழைத் திருப்பினால் லென்ஸ் ஸ்லைடில் இடிக்கும். 10இல் தெளிவாக்கிவிட்டு 40க்கு மாற்றுங்கள். அதன் பிறகு சின்னக் குமிழை மட்டும் தொடுங்கள்.

5. எந்த ஸ்லைடானாலும் இந்த மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: காலியிடத்தை ஒட்டிய விளிம்பு இருக்கிறதா? இருந்தால் அந்த விளிம்பில் வரிசையாக நிற்பது எபிதீலியம்.

இரண்டாவது: செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் எபிதீலியம். நார், ஜெல், திரவம் என நடுவில் நிறைய இருந்து, செல்கள் சிதறிக் கிடந்தால் இணைப்புத் திசு.

மூன்றாவது: உட்கரு எந்த வடிவம், செல்லுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது? தசையையும் நரம்பையும் பிரித்துக் காட்டுவது இதுதான்.

இதற்கு நடுவில் வெட்டு எந்தத் திசையில் விழுந்தது என்பதை மறக்கக் கூடாது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டம், நீளவாக்கில் கீறினால் பட்டை, காய் ஒன்றுதான். அதேபோல ஒரே தசை நார் ஒரு ஸ்லைடில் வட்டமாகவும் இன்னொன்றில் பட்டையாகவும் தெரியும். ஸ்லைடில் உள்ள சீவல் வழக்கமாகச் சுமார் 5 மைக்ரோமீட்டர் தடிமன்தான். பெரிய செல்லாக இருந்தால் கத்தி உட்கருவைத் தொடாமலே போயிருக்கலாம். உட்கரு தெரியாத செல்லையெல்லாம் உட்கரு இல்லாத செல் என்று எழுதிவிடாதீர்கள்.

அளவு பார்க்கச் சிவப்பணுவைத் தேடுங்கள். அதன் குறுக்களவு ஏறக்குறைய 7 முதல் 8 மைக்ரோமீட்டர். எந்தத் திசுவிலும் ஒரு சின்ன இரத்தக் குழாயாவது இருக்கும், அதில் சிவப்பணு இருக்கும். எபிதீலியத்திலும் குருத்தெலும்பிலும் இருக்காது, ஆனால் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

6. எபிதீலியம்: முதலில் அடுக்கு, பிறகு வடிவம்

முதலில் உண்மையான விளிம்பா என்று உறுதி செய்யுங்கள். சீவும்போது திசு கிழிந்தும் காலியிடம் உண்டாகும். கிழிசலின் ஓரம் பிசிறாக இருக்கும், உட்கருக்கள் வரிசை கட்டி நிற்காது.

உறுதியானதும் அடுக்குகளைப் பாருங்கள். ஒரே அடுக்கா, பலவா? அதன் பிறகு மேலடுக்குச் செல்லின் வடிவத்தை வைத்துப் பெயர் சொல்லுங்கள். உணவுக்குழாய் ஸ்லைடில் அடி அடுக்குச் செல்கள் கனசதுரமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கனசதுர எபிதீலியம் என்று எழுதுவது வழக்கமான தவறு. காலியிடத்தைத் தொடும் செல் தட்டை, எனவே பல அடுக்குத் தட்டை எபிதீலியம்.

வெட்டு சாய்வாக விழுந்தால் ஒற்றை அடுக்கும் பல அடுக்கு மாதிரி தோன்றும். அதனால் ஒரே இடத்தில் நின்று முடிவு செய்யாதீர்கள். ஸ்லைடை நகர்த்தி, செல்கள் அடியிலிருந்து விளிம்பு வரை முழுதாகத் தெரியும் இடத்தைப் பிடியுங்கள். மூச்சுக்குழாயில் இன்னொரு ஏமாற்று வேலை இருக்கிறது. உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் பல அடுக்கு போலத் தெரியும். உண்மையில் எல்லாச் செல்லும் எபிதீலியத்துக்கு அடியில் உள்ள அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, சிலது மேல் விளிம்பை எட்டவில்லை, அவ்வளவுதான். அதனால் அது போலி அடுக்கு எபிதீலியம். விளிம்பில் குறுயிழைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடித்தளச் சவ்வைக் காணவில்லையே என்று தேடித் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இந்தச் சாயத்தில் பல உறுப்புகளில் அது சரியாகத் தெரியாது. மூச்சுக்குழாயில் தடிப்பாக இருப்பதால் கோடாகத் தெரியும்.

பணிகளைத் தனி அட்டவணையாக உருப்போட வேண்டாம், வடிவத்திலிருந்தே எடுக்கலாம். நுரையீரலின் காற்றுப்பையில் ஒற்றைத் தட்டை அடுக்கு. மெல்லிசாக இருந்தால்தான் ஆக்சிஜன் கடக்கும். சிறுகுடலில் உயரமான தூண் செல்கள். செரித்ததை உறிஞ்சவும் அனுப்பவும் செல்லுக்குள் நிறைய நுண்ணுறுப்புகள் வேண்டும், அதற்கு இடம் வேண்டும். சிறுநீரக நுண்குழலில் கனசதுரம், உறிஞ்சலும் சுரப்பும் அங்கே நடக்கின்றன. தோலில் பல அடுக்கு, மேலே கெரட்டின். உரசலையும் காய்தலையும் தாங்க வேண்டுமே! சிறுநீர்ப்பையில் இருப்பது மாறுநிலை எபிதீலியம். பை காலியாக இருக்கும்போது மேலடுக்குச் செல்கள் உப்பி நிற்கும், நிறைந்தால் தட்டையாகும்.

எபிதீலியத்துக்குள் இரத்தக் குழாய் கிடையாது. கீழே உள்ள இணைப்புத் திசுவிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அதனால் எபிதீலியம் இருக்கும் இடத்தில் அடியில் இணைப்புத் திசு இருந்தே தீரும்.

7. இணைப்புத் திசு: செல்லை விட்டுவிட்டு நடுவில் உள்ளதைப் பாருங்கள்

இங்கே வேலை செய்வது பெரும்பாலும் செல்லுக்கு வெளியே உள்ள மேட்ரிக்ஸ்தான். கொலாஜன் நார்கள் ஒரே திசையில் நெருக்கமாக ஓடினால் தசைநாண், ஒரு பக்க இழுவையைத் தாங்கும். தாறுமாறாகத் தளர்வாக ஓடினால் உறுப்புகளுக்கு நடுவில் நிரப்பும் திசு. மேட்ரிக்ஸ் வழவழப்பாக, நாரே தெரியாமல், குழிகளுக்குள் செல்கள் இரண்டு மூன்றாகக் கூடி உட்கார்ந்திருந்தால் குருத்தெலும்பு. கோழிக்கால் முனையில் கீறியபோது இரத்தம் வரவில்லை அல்லவா? குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் இல்லை. மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் ஆறாததற்கு முக்கியக் காரணம் இது.

தேய்த்த எலும்பு ஸ்லைடில் சாயமே இருக்காது. வட்ட வட்டமாகக் கோடுகள், நடுவில் ஒரு துவாரம், கோடுகளின் இடையே கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளி செல் இல்லை, செல் இருந்து காலியான குழி. உயிருள்ள எலும்பில் நடுத் துவாரத்தில் இரத்தக் குழாய் ஓடும், அதனால்தான் முறிந்த எலும்பு கூடுகிறது.

கொழுப்புத் திசு ஸ்லைடு முழுக்க வெற்றுக் கண்ணறைகளாக இருக்கும். திசுவைத் தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும், மிஞ்சுவது செல்லின் கோடு மட்டும். இதை நுரையீரல் என்று சொல்லாதவர்களே கிடையாது. பிரிப்பது எளிது. கொழுப்புச் செல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடிய அறை, உட்கரு தெரிந்தால் ஓரத்தில் நசுங்கியிருக்கும். நுரையீரலில் அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும், சுவருக்குள் சிவப்பணுக்கள் தெரியும்.

இரத்தமும் இணைப்புத் திசுதான், அதன் மேட்ரிக்ஸ் பிளாஸ்மா. சிவப்பணுவில் உட்கரு இல்லை, வெள்ளையணுவில் உண்டு. இங்கே மட்டும் 100 மடங்கு லென்ஸும் எண்ணெயும்.

8. தசை: அதிகம் தடுக்குவது இங்கேதான்

தசை மூன்று வகை. எலும்புத் தசையில் நார்கள் நீளம், கிளை கிடையாது, ஒரு நாரில் பல உட்கருக்கள், எல்லாம் ஓரத்தில். குறுக்கே வரி தெரியும். இதயத் தசையிலும் வரி உண்டு, ஆனால் நார்கள் கிளைத்துப் பக்கத்து நாரோடு சேரும், உட்கரு நடுவில் ஒன்று அல்லது இரண்டு. செல்கள் சேரும் இடத்தில் இடைத்தட்டுகள் தெரியும். ஒரு செல்லில் எழும் மின்துடிப்பு அவை வழியாக அடுத்த செல்லுக்குத் தாவுவதால்தான் இதயம் ஒன்றாகத் துடிக்கிறது. மென்தசையில் வரி இல்லை. செல் இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் ஒற்றை உட்கருவோடு இருக்கும். குடல், இரத்தக் குழாய்ச் சுவர் போன்ற, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத இடங்களில் இருக்கும்.

வரி தெரியவில்லை என்றதும் மென்தசை என்று எழுதிவிடுகிறார்கள். பொறுங்கள். மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டன்சரின் டயஃப்ரத்தை (வெளிச்சம் வரும் துவாரத்தை) கொஞ்சம் மூடிப் பாருங்கள். வெளிச்சம் குறைந்ததும் எங்கிருந்தோ வரி எழுந்து வரும். குறுக்கே வெட்டிய நாரில் எப்படியும் வரி தெரியாது, அங்கே உட்கருவின் இடத்தை நம்புங்கள்: ஓரம் என்றால் எலும்புத் தசை, நடு என்றால் இதயமோ மென்தசையோ. அந்த இரண்டில், நார்கள் ஓரளவு ஒரே பருமனாக இருந்தால் இதயம். சிறிதும் பெரிதுமாகக் கலந்து, பலவற்றில் உட்கருவே இல்லாமல் இருந்தால் மென்தசை. கூர்முனைச் செல்லின் எந்த இடத்தில் கத்தி விழுந்தது என்பதைப் பொறுத்து அப்படித் தெரிகிறது.

மென்தசை, தசைநாண், நரம்பு ஆகிய மூன்றும் நீளவாக்கில் ரோஸ் பட்டையாகத் தெரியும். உட்கரு நாருக்கு உள்ளே இருந்தால் மென்தசை. நார்களுக்கு நடுவில் நசுங்கி, கோடாக வரிசை கட்டி, எண்ணிக்கையிலும் குறைவாக இருந்தால் தசைநாண். பட்டை முழுவதும் அலை அலையாக நெளிந்து, சுற்றி ஓர் உறையும் இருந்தால் நரம்பு.

9. நரம்புத் திசு

தண்டுவட ஸ்லைடின் நடுவில், சாம்பல் நிறப் பகுதி எனப்படும் இடத்தின் முன்கொம்பில் (முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்) பெரிய செல்களைத் தேடுங்கள். வெளிர் உட்கரு, அதற்குள் அடர்த்தியான ஒரே புள்ளி. அதுதான் நியூரான், அதாவது நரம்புச் செல். சுற்றிச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன நீல உட்கருக்களையும் நியூரான் என்று எண்ணிவிடாதீர்கள். அவை கிளியா செல்கள், தாங்குவதும் பராமரிப்பதும் அவற்றின் வேலை. நியூரானிலிருந்து நீளும் இழையான ஆக்ஸானைச் செல்லிலிருந்து கடைசி வரை ஸ்லைடில் தொடர முடியாது. தண்டுவடத்திலிருந்து கால்விரல் பக்கம் போகும் ஆக்ஸானுக்குச் சுமார் 1 மீட்டர் நீளம் இருக்கும். 5 மைக்ரோமீட்டர் சீவலில் அது எங்கே அடங்கும்?

10. சிறுகுடலில் நான்கையும் சேர்த்துப் பாருங்கள்

தனித்தனியாகத் தெரிந்த பிறகு சிறுகுடல் ஸ்லைடை எடுங்கள். உள்ளே இருந்து வெளியே நகருங்கள், மாற்றி வரவேண்டாம். காலியிடத்தை ஒட்டி விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் விரலிகளின் மேல் தூண் எபிதீலியம். அதில் அங்கங்கே வெளுத்த கோப்பைச் செல்கள், உள்ளே இருக்கும் சளி இந்தச் சாயத்தை ஏற்காது. விரலிக்கு உள்ளே தளர்வான இணைப்புத் திசு.

அப்புறம் மென்தசை, இரண்டு அடுக்கு. குடலைக் குறுக்கே வெட்டியிருந்தால் உள் அடுக்கு நீளமாகவும் வெளி அடுக்கு புள்ளிகளாகவும் தெரியும். ஏனென்றால் உள் அடுக்கு குடலைச் சுற்றி ஓடுகிறது, வெளி அடுக்கு குடலின் நீளத்தோடு ஓடுகிறது. ஒன்று இறுக்கும், ஒன்று சுருக்கும், உணவு நகரும். இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் வெளிறிய சிறு கொத்துகள் தெரிகின்றனவா? அதுதான் நரம்புத் திசு. தசையை ஏவும் நியூரான்கள் தசைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 10 மடங்கில் எல்லைக்கோட்டின் மேலேயே மெதுவாக நகர்ந்தால் சிக்கும்.

11. ரெக்கார்டில் வரைவது

பார்த்து முடித்த பிறகு வரையுங்கள். புத்தகப் படத்தைக் காப்பியடித்தால் தேர்வில் வேறு வெட்டில் ஸ்லைடு வரும்போது கை நிற்கும். முதலில் 4 மடங்கில் தெரிந்த மொத்த அமைப்பைப் பென்சிலால் கோடாகப் போடுங்கள். அதில் ஒரு சின்னப் பகுதியைக் கட்டம் கட்டி, பக்கத்தில் 40 மடங்கில் தெரிந்தபடி வரையுங்கள். உட்கருவுக்கு ஊதாப் பென்சில், மற்றதற்கு ரோஸ். வண்ணம் கடைசியில்தான்.

படத்தின் கீழே அடையாளக் குறிப்பு இரண்டு எழுதுங்கள். "ரோஸ் நிறம்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. "உட்கரு ஓரத்தில்", "குறுக்கு வரி உண்டு" என்று எழுதுங்கள். அதற்கும் கீழே பணியை ஒரே வரியில், அந்த இரண்டு குறிப்புகளில் ஏதாவது ஒன்றோடு தொடர்புபடுத்தி எழுதுங்கள். வைவாவில் அடுத்த கேள்வி "ஏன்?" என்றுதான் வரும்.